பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்

தனம் எங்களோடு பத்தொன்பது முறை ஊர் சுற்ற வந்திருக்கிறாள். காசி, ஆக்ரா, தில்லி, கல்கத்தா, மைசூர், ஹைதராபாத் என்று அவள் கால் படாத ஊர் குறைவு. காசியில் எந்தச் சந்தில் பிஞ்சுக் கத்தரிக்காய் கிடைக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இந்தப் பத்தொன்பது பயணத்திலும், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கிற இடம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. நாங்கள் தாஜ்மகாலுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்த நேரத்தில் அவள் எங்களுக்காகப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வழக்கம் அப்படி. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிறவர்களுக்கு ஊர் சுற்றுவது ஒரு வியாதி. பெர்மனண்ட் வேலை, சில வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வெளியூர் போய்வர எல்.டி.சி. சலுகை, பிளாக்கில் பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு டூரிஸ்ட் பஸ். உடம்பு எங்கே போனாலும் நாக்கு மட்டும் குவார்ட்டர்ஸை விட்டு நகராது. காஷ்மீருக்கே போனாலும் மத்தியானம் சாம்பார், ரசம், மோர் வேண்டும். ஆகவே பஸ்ஸின் பின்பக்கம் அண்டா, தவலை, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை. அதோடு சமைக்க ஒரு ஆள். தங்குகிற சத்திரத்தில் அந்த ஆள் சமைக்கும். நாங்கள் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுவோம்.

நான் இசக்கிமுத்து. பிறந்தது தென்காசிப் பக்கம். சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க்காக முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். யார் எத்தனை மணிக்கு ஷிப்டுக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதிவைப்பதுதான் என் பிழைப்பு. ஐந்து நிமிஷம் பிந்தி வந்தவனை நிற்கவைத்து வாயால் வறுத்திருக்கிறேன். நேரத்தைப் பற்றி என்னைவிட அக்கறையான மனுஷன் டவுன்ஷிப்பில் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இதைக் கடைசி வரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனத்துக்கு ஊர் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லாரும் அடுத்தவர் வயலில் நட்டவர்கள். அவளும் பன்னிரண்டு வயதிலிருந்து நட்டிருக்கிறாள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபின் புருஷன் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்டில் சாம்பல் அள்ளப் போனார். அவள் ஒரு கேண்டீனில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். நெஞ்சு கெட்டுப் புருஷன் சீக்கிரமே போய்ச்சேர்ந்தார். மணிமொழி என்று ஒரே மகள். இப்போது பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறாள்.

எங்கள் டூர்களை நடத்துகிறவர் வேலுமணி. கோயம்புத்தூர்க்காரர், சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்தவர். 2008-இல் விஜயவாடா, ஹைதராபாத், ஸ்ரீசைலம் என்று ஒரு டூர் போட்டார். அதில்தான் தனம் முதல்முறை வந்தாள். சமைக்க இல்லை. காய் நறுக்க, பாத்திரம் தேய்க்க. சமையல்காரர் வேறொருவர். விஜயவாடாவில் அவருக்குக் காய்ச்சல் கண்டு, ரயிலேற்றி அனுப்பவேண்டியதாயிற்று. முப்பத்தைந்து பேர் தட்டோடு நிற்கிறோம். தனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு மணி நேரத்தில் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வந்தன. அந்தக் குழம்பின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது.

எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. அப்போது ஒரு பெண்மணி தனத்தைப் பார்த்து, "நீ ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டாள். தெருவைக் கேட்டால் எதைக் கேட்டதாக அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. "காலனிங்க" என்று சொல்லிவிட்டு, தனம் அடுத்த தட்டுக்குக் குழம்பு ஊற்றப் போய்விட்டாள். கேட்ட பெண்மணி எழுந்து போய் அன்றைக்கு இரண்டு வேளையும் வாழைப்பழம் தின்றாள். அந்தப் பெண்மணி என் மனைவி புஷ்பவல்லி. பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். மறுநாள் காலை அவளாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து பொங்கலுக்கு உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் யாருமே பேசியதில்லை. பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம் போலிருக்கிறது.

அந்த டூரிலிருந்து தனம்தான் எங்கள் சமையல்.

தனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரிச் சாப்பாடு பரிமாறும்போது ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு இன்னாங்க பாத்துட்டு வந்தீங்க?" என்று கேட்பாள். உபசாரத்துக்குக் கேட்கிற கேள்வியில்லை அது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு நிற்பாள். நாங்கள் என்ன சொல்வோம்? "கோட்டை பாத்தோம், பெருசா இருந்துச்சு." "மியூசியம் பாத்தோம், சூப்பரா இருந்துச்சு." "கால்வலிதான் மிச்சம்." அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்வாள்.

ஆனால் அவளிடம் கேட்டால் கதையே வேறு. விடிவதற்கு முன்னால் பையை எடுத்துக்கொண்டு காய்கறி மண்டிக்குப் போவாள். பாஷை தெரியாது. கையைக் காட்டி வாங்கிவிடுவாள். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எதைத் தின்கிறார்களோ அதை அவளும் வாங்கித் தின்பாள். விஜயவாடாவில் பச்சைப்பயறு தோசைக்குள் உப்புமாவை வைத்து மடித்துத் தந்தார்களாம். ஹைதராபாத்தில் விடிகாலையில் ஆட்டுக்காலை ராவெல்லாம் கொதிக்கவிட்ட சாற்றில் ரொட்டியை முக்கித் தின்கிறார்களாம், கை பிசுபிசுவென்று ஒட்டுமாம். பாலைத் தனியாகச் சுண்டக் காய்ச்சி டிக்காஷனில் ஊற்றுகிற டீயும், வாயில் வைத்தால் உப்பும் இனிப்புமாகக் கரைகிற பிஸ்கட்டும் அங்கேதான் சாப்பிட்டாளாம். நாங்கள் அந்த ஊரில் சாப்பிட்டது அவள் செய்த தயிர்சாதம். யார் ஊரைப் பார்த்தவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த முதல் டூரில், ஹைதராபாத்தில் சாலார் ஜங் மியூசியத்துக்குப் போய்விட்டு வந்த ராத்திரி, வழக்கம்போல என்னிடமும் கேட்டாள். மற்றவர்களைப் போல 'சூப்பர்' என்று சொல்லித் தப்பிக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் அங்கே நான் ஒரு கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். டைம் ஆபீஸ்காரனுக்குக் கடிகாரத்தைக் காட்டினால் கேட்கவேண்டுமா?

"தனம், ஆளுயரத்துக்கு மேல ஒரு கடிகாரம். அதுக்கு முன்னால ஜனங்க சினிமாக் கொட்டகை மாதிரி உக்காந்திருக்காங்க. சரியாப் பன்னெண்டு மணிக்கு அதுக்குள்ளேருந்து ஒரு குட்டி மனுஷன் வெளிய வர்றான். விரல் உசரம்தான் இருப்பான். வந்து மணிய அடிக்கான். இப்படி!" என்று சொல்லி, சாம்பார்க் கரண்டியைப் பிடுங்கி எவர்சில்வர்த் தட்டில் பன்னிரண்டு தடவை தட்டிக் காட்டினேன். "அடிச்சு முடிச்சதும் கதவச் சாத்திக்கிட்டு உள்ள போயிட்டான்."

தனம் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன். "தானாவே வந்து, தானாவே அடிச்சிட்டு, தானாவே பூடறாரா?" என்று மூன்று தடவை கேட்டாள். அடுத்த வருஷம் மைசூர் டூரிலும், அதற்கடுத்த வருஷம் காசியிலும், "சார், அந்தப் பன்னெண்டு மணிக்கு வர்றவரப் பத்திச் சொல்லுங்க" என்பாள். நான் தட்டில் தட்டுவேன். டவுன்ஷிப்பில் பன்னிரண்டு மணிக்கு எதிரில் பார்த்தால், "இந்நேரம் அங்க வந்திருப்பாரு இல்ல சார்?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவளுக்கு ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்க்கவேண்டுமென்று ஆசை இருந்ததென்றால் அது அந்தக் குட்டி மனுஷன்தான்.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு அவளுடைய உலையில் அரிசி இருக்கும். ஒன்றரைக்கு எங்களுக்கு இலை போடவேண்டும்.

2013-இல் மறுபடி ஹைதராபாத். அதே பழைய சத்திரம். மியூசியத்துக்குப் பத்து நிமிஷ நடைதான். விடிகாலையில் மண்டிக்குப் போகும்போதெல்லாம் அதன் சுவரை ஒட்டித்தான் நடந்து போனாளாம். ஒரு நாள் மத்தியானம் மட்டும் எல்லாரும் வெளியே பிரியாணி சாப்பிடுவதென்று முடிவு. அன்றைக்கு அவளுக்கு அடுப்பு கிடையாது. முந்தின நாள் ராத்திரியே துவைத்து உலர்த்திய புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். நாங்கள் பிரியாணி தின்றுவிட்டு ஏப்பம் விட்டபடி சத்திரத்துக்கு வந்தபோது, அவள் படியில் அமர்ந்து ராத்திரி உப்புமாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா தனம்?"

"பூட்டியிருந்துச்சுங்க" என்றாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த மியூசியத்துக்கு விடுமுறை. அதனால்தான் வேலுமணி அன்றைக்குக் கடைவீதியும் பிரியாணியும் வைத்திருந்தார். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். அவள் புடவையை மடித்து வைத்ததையும் பார்த்தோம். அவளுக்கு ஓய்வு கிடைத்தது, அந்த மியூசியம் பூட்டிக்கிடக்கிற நாளில் என்பது எவனுக்கும் உறைக்கவில்லை. எனக்குத்தான் முதலில் உறைத்திருக்கவேண்டும்.

இந்த வருஷம் தை மாதம் மணிமொழி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அம்மாவுக்குக் கண்ணு போய்க்கினு இருக்குது சார். புதுச்சேரில காட்டினோம். கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரமெல்லாம் போயிடுச்சு, நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது. போனது திரும்ப வராது, இருக்கறதக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்துன்னு டாக்டர் சொல்றாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினு இருக்குது. சொன்னா டூருக்குக் கூப்புட மாட்டீங்களாம்."

போன வருஷம் பரிமாறும்போது இலையின் ஓரத்துக்கு வெளியே கூட்டை வைத்தாள். வயசாகிறது என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

"மாசில ஹைதராபாத் போறீங்களாமே. அதோட நிறுத்திக்கச் சொல்லிட்டேன். அந்த மணி அடிக்கறவர மட்டும் அம்மாவுக்குக் காட்டிடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

காட்டுகிறேன் என்று சொன்னேன். மணிமொழி போனபின் வெகுநேரம் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாசியில் கிளம்பினோம். ஹைதராபாத்துக்குள் நுழைந்து, ஏரிக்கரை மேல் பஸ் போனது. கரை நெடுக வரிசையாகச் சிலைகள், ஏரிக்கு நடுவே பெரிய புத்தர். தனம் டிரைவருக்குப் பின்சீட்டில், மடியில் முறுக்கு டின்னோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முந்தின இரண்டு தடவையும் இந்தச் சிலைகளைத்தான் அவள் பஸ்ஸிலிருந்தே பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். டிக்கெட் இல்லாமல் பார்க்கக் கிடைத்தவை அவைதானே. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, "எத்தனை எண்ணுன தனம்?" என்றேன்.

"ரெண்டு சார்" என்றாள். பிறகு மெதுவாக, "மணிமொழி சொல்லிடுச்சா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் சத்திரத்தில் வேலுமணியிடம் பேசினேன். மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மியூசியம், ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்கு ஸ்ரீசைலத்துக்குக் கிளம்பவேண்டும். காட்டுப் பாதையை இருட்டியபின் மூடிவிடுவார்கள்.

"கண்ணு விசயம் மனசுக்குக் கஷ்டமாத்தானுங்க இருக்குது. ஆனா சமையலுக்கு வந்தவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா, முப்பத்தாறு பேரு வயித்துக்கு என்னங்க பதிலு?" என்றார் வேலுமணி. கெட்டவர் இல்லை. ஷிப்டு புத்தி.

"ஒருவேளை ஹோட்டல்ல தின்னா செத்தா போயிருவோம்?" என்று நான் கத்தினேன். இரண்டு மூன்று பேர், பத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், மாத்திரை போடவேண்டும், அது எப்படி என்று ஆரம்பித்தார்கள். தனமே கூடத்தின் வாசலில் வந்து நின்று, "வேணாம் சார். பசி நேரத்துல வம்பு எதுக்கு? நான் சோறாக்கிடறேன், நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

அப்போது புஷ்பவல்லி எழுந்தாள்.

"அடுப்புல நான் நிக்கேன்" என்றாள். "நீ போயிட்டு வா தனம். நான் ஆக்குனதத் திங்க மாட்டேன்னு சொல்லுதவங்க வாழப்பழம் திங்கட்டும்."

அந்த வாழைப்பழம் எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்ததோ, எனக்குத் தெரியாது. தனத்துக்கு இருந்தது. அவள் என் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "புளி ஊறப்போட்டிருக்கேங்க. பருப்புக்கு வெளக்கெண்ண ரெண்டு சொட்டு வுடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். புஷ்பவல்லி முகத்தைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். போனவள் திரும்பி வர நேரமாயிற்று.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மியூசியத்துக்குள் போனோம். கூட்டமான கூட்டம். தனத்துக்கு இரண்டு பக்கமும் தெரியாததால், வருகிறவர் போகிறவரெல்லாம் அவள்மேல் இடித்தார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போக எனக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம். என் குடையின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

முகத்திரை போட்ட பளிங்குப் பெண் சிலைக்கு முன்னால் எல்லாரும் போனை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். தனத்துக்கு முழுச் சிலை ஒரே பார்வையில் சிக்காது. உள்ளங்கை அகலத்துக்குத்தான் தெரிகிறது. ஆகவே நெற்றியிலிருந்து ஆரம்பித்து, துண்டு துண்டாகக் கீழே இறங்கினாள். "துணி நனஞ்சி மூஞ்சில ஒட்டினு இருக்குது சார். மூக்குகிட்ட பாருங்க, கல்லுன்னே தோணல" என்றாள். நான் அந்தச் சிலையை முன்பு இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மூக்கைப் பார்த்த ஞாபகம் இல்லை. என் பழைய போட்டோவில் சிலைக்கு முன்னால் நான்தான் இருக்கிறேன்.

பதினொன்றே முக்காலுக்குக் கடிகாரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தோம். முன்வரிசை கிடைக்கவில்லை. ஐந்தாவது வரிசையில் இடம். பிள்ளைகளும் பெரியவர்களுமாக இருநூறு பேராவது இருக்கும். தனம் மடித்து வைத்திருந்த பழுப்பு நிறப் புடவையில், கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க பாக்கணும் சார்?"

"நேராப் பாரு. நடுவுல."

இதுதான் நான் செய்த காரியம். நேராப் பாரு, நடுவுல. உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கண் தெரிகிறவளுக்குச் சொல்லுகிற வழியா இது?

பன்னிரண்டு. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சின்னக் கதவு திறந்து அவர் வந்தார். டிங் என்று முதல் அடி. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நானும் போனைத் தூக்கிப் படம் பிடித்தேன். பக்கத்தில் தனம், "அடிக்கிறாரு சார், அடிக்கிறாரு!" என்று சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணிமொழிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பன்னிரண்டு அடி முடிந்தது. கதவு சாத்தியது. கூட்டம் எழுந்து கலைய ஆரம்பித்தது. தனம் எழவில்லை. சிரிப்பு மாறாமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாமா தனம்?"

"இருங்க சார். இன்னும் அடிச்சிகினே இருக்காரே. பன்னெண்டு தாண்டிடுச்சே."

அவள் பார்வை போன வழியில் பார்த்தேன். கடிகாரத்தில் இன்னொரு குட்டி ஆள் இருக்கிறார். கொல்லர். நொடிக்கு ஒரு தரம் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார். யாருக்காகவும் நிறுத்தமாட்டார். அவரைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, நானே அவரைக் கவனித்ததில்லை. அவள் கண்ணுக்கு முதலில் அகப்பட்டவர் அவர். அவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கதவு திறந்ததையும் சாத்தியதையும் அவள் பார்க்கவே இல்லை.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சந்தோஷமாக இருக்கிறாள், அப்படியே கூட்டிப் போய்விடலாம். ஆனால் அவள் என் முகத்தின் பக்கம் திரும்பி, தேடி, என் கண்களைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இவரு இல்லியா?"

"இவரு வேற தனம். அவர் வந்துட்டுப் போயிட்டாரு."

சிரிப்பு மெதுவாக அடங்கியது. "போவட்டும் சார்" என்றாள். "இவராவது கெடச்சாரே." குடையைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பன்னெண்டு மணிக்குத்தான வருவாரு. இனிமே நாளைக்கில்ல? நாளைக்கு நாம ஸ்ரீசைலத்துல இருப்போம்."

"உக்காரு தனம், ஒரு மணிக்கு மறுபடி வருவாரு" என்றேன்.

நின்றவள் அப்படியே நின்றாள். "மறுபடியா?"

"ஒவ்வொரு மணிக்கும் வருவாருல்லா. ஒண்ணுக்கு ஒரு அடி, ரெண்டுக்கு ரெண்டு அடி..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தனம் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கைகளையே பார்த்தாள்.

"மூணு மணிக்கும் வருவாரா சார்?"

"வருவாரு."

"அப்ப மூணு மணிக்கு நான் சும்மாத்தான இருந்தேன்" என்றாள். "எச்சில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, அஞ்சு மணி வரைக்கும் சத்திரத்துத் திண்டுல சும்மாத்தான உக்காந்துகினு இருந்தேன். எல்லா வாட்டியும்."

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்து நிமிஷ நடை. 2008-இல் நல்ல கண்ணோடு, மூன்று மணிக்கு அவள் தனியாக நடந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். 2013-இலும் வந்திருக்கலாம். நான் எத்தனை டூரில், எத்தனை தட்டில், எத்தனை தடவை பன்னிரண்டு அடித்துக் காட்டியிருக்கிறேன்! 'ஒவ்வொரு மணிக்கும்' என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. நாங்கள் போனது பன்னிரண்டுக்கு, ஆகவே எனக்கு அது பன்னிரண்டு மணிக் கடிகாரம். மற்றவர்களுக்குக் கடிகாரம் எத்தனை மணிக்கு அடிக்கிறது என்று யோசித்துப் பார்க்காத டைம் ஆபீஸ்காரன்.

"மன்னிச்சிரு தனம்" என்றேன். முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவள் கடிகாரத்தின் பக்கம் நிமிர்ந்து, "இப்ப அவரு எந்தக் கதவுல வருவாருன்னு சரியாச் சொல்லுங்க" என்றாள்.

பஸ் எங்களை விட்டுவிட்டுச் சத்திரத்துக்குப் போயிற்று. இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று வேலுமணி இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் முன்வரிசைக்கு நகர்ந்தோம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் அந்தக் கடிகாரத்தை முதல்முறையாகப் பார்த்தேன். வழி சொல்லவேண்டுமே. கொல்லரிடமிருந்து ஆரம்பித்தேன். அவர் கிடைத்துவிட்டார் அல்லவா, அவரை விடாதே. அவர் பக்கத்தில் ஒரு தூண். அந்தத் தூணோடு போ. வளைவு வருகிறதா, அதில் பொன்னிற வேலைப்பாடு இருக்கும். "இருக்குது." அங்கே நில். கொஞ்சம் தள்ளு, கொஞ்சம். ஒரு சின்ன வாசல் தெரிகிறதா? தப்பிப் போனாள். திரும்பக் கொல்லருக்கு வந்தோம். மறுபடி தூண், மறுபடி வளைவு. நாலாவது தடவை, "சிக்கிடுச்சு சார்" என்று மெல்லச் சொன்னாள். அதற்குப்பின் தலையை அசைக்கவே இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அதையும் துடைக்கவில்லை. துடைத்தால் வாசல் தவறிவிடும்.

ஒரு மணிக்குக் கூட்டம் அதிகமில்லை. கதவு திறந்தது. அவர் வந்தார். ஒரே ஒரு அடி. போய்விட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு அடிக்கு அவள் உடம்பு லேசாகத் தூக்கிப்போட்டது.

"தாடி வெச்சிருக்காரு" என்றாள். "நீங்க தாடியச் சொல்லலியே சார்."

இருவரும் ஆளுக்கொரு முனையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தோம். சத்திரத்தில் சோறு குழைந்திருந்தது, ரசத்தில் புளி தூக்கலாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. புஷ்பவல்லி கரண்டியோடு தனத்துக்கு எதிரில் வந்து நின்று, "என்ன பாத்துட்டு வந்த?" என்று கேட்டாள். தனம் அவள் கையிலிருந்த சாம்பார்க் கரண்டியை வாங்கித் தட்டில் ஒரு தடவை தட்டினாள். "இதாங்க" என்றாள். பிறகு ரசத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் வெந்நீரும் உப்பும் சேர்த்தாள்.

இரண்டு மணிக்குப் பஸ் கிளம்பியது. ஊரைத் தாண்டியதும் உண்ட மயக்கத்தில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். தனம் டிரைவருக்குப் பின்சீட்டில் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு நேரத்தில் அவள் பின்பக்கமாகத் தலையைத் திருப்பி, "மணி என்னாங்க சார்?" என்று கேட்டாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "மூணு" என்றேன்.

"ம்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.